இருவருக்கு ஒரு பாலிசி

மார்ச் 4

அன்புள்ள கொக்கிக்கு,

அக்கா சுகமாக இருக்கிறேன். நீயும் உன் வீட்டுக்காரியும் அங்கே சுகம்தானே? போன வாரம் நீ போன் செய்தபோது ‘ஆமாம், ஆமாம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தேனே, அதில் பாதி எனக்குக் காதிலேயே விழவில்லை. முப்பது வருஷம் துணி வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவளுக்குப் போன் ஒரு கேடு. இனிமேல் பழையபடி கடிதமே எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓலை வந்திருக்கிறது. அக்டோபரில் என் ஹெல்த் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் எனக்கு அறுபது முடிந்துவிடுகிறதாம், அதனால் வேறு வரிசைக்குத் தள்ளிவிட்டார்களாம். பிரீமியம் போன வருஷத்தைப் போல் ஒன்றரை மடங்கு. இப்போது நான் சீருடைக் கடையில் வாரத்துக்கு மூன்று நாள் வெட்டிக்கொடுத்து வாங்குகிற சம்பளத்தில் இரண்டு மாதத்தை அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் இத்தனை வருஷத்தில் நான் அவர்களிடம் சல்லிக்காசு வாங்கியதில்லை.

நேரே ஆபீசுக்கே போய்விட்டேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண்.

“நான் எதுவுமே வாங்கலையேம்மா, எனக்கு எதுக்கு ஏத்துறீங்க?”

“வயசு ஏறுதில்ல மேடம்.”

“எனக்கு மட்டுமா ஏறுது? உங்க கம்பெனிக்கும்தானே ஏறுது?”

அவள் சிரித்துவிட்டு என்னவோ சொன்னாள். தடுப்பு வேறு, என் காது வேறு. நல்லவேளை, எங்கள் கட்டடத்தின் கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் கூட வந்திருந்தார். அவர்தான் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னார். பாலிசியை விட்டுவிட்டு அப்புறம் புதிதாகச் சேர்ந்தால், ஏற்கெனவே உடம்பில் இருக்கிற நோய்க்கு மூன்று வருஷம் காத்திருக்க வேண்டுமாம். என் பித்தப்பைக் கல் தெரியுமல்லவா? ‘இப்ப அவசரமில்ல, ஆனா ஒரு நாள் மல்லுக்கு நிக்கும்’ என்று டாக்டர் சொல்லி வைத்திருக்கிறார். நான் காத்திருப்பேன், கல் காத்திருக்குமா? ஆக, எப்படியாவது அக்டோபருக்குள் கட்டியாக வேண்டும். நீ நாலு இடம் போய் வருகிறவன், ஏதாவது வழி தெரிந்தால் எழுது.

வேளைக்குச் சாப்பிடு. லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்யும்போது பராக்குப் பார்க்காதே.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இரண்டு பேரும் சௌக்கியம். அவளுக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது. உன் கல் எப்படி இருக்கிறது? வலி வருகிறதா, வந்தால் எந்தப் பக்கம், சாப்பிட்ட பிறகா முன்னாலா? எழுது.

இதை ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே கட்டடத்தில் நாலாம் மாடியில் ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருக்கிறார். அவர் மாடிக்கு நேராகக் கூண்டை நிறுத்திக் கதவைச் சரிசெய்தபோது உன் கேள்வியை அவரிடம் போட்டேன். நோயே வராத ஆளுக்கு ஏன் ஏறுகிறது?

“உங்க அக்கா அவங்களுக்காக மட்டும் கட்டலை சார். அந்த வயசுல இருக்கிற எல்லாருக்காகவும் சேர்ந்துதான் கட்டுறாங்க. அதுல யாருக்கு எப்ப என்ன வரும்னு யாருக்குத் தெரியும்?”

“அப்ப வராதவங்க வர்றவங்களுக்குக் கட்டுறாங்களா?”

“ஆமா சார்.”

“எங்க அக்கா கல்லை வெச்சுக்கிட்டுச் சும்மா கட்டுறாங்களே, அது எந்தக் கணக்கு?”

அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து யாரோ மணியை அடித்துவிட்டார்கள். பிரீமியத்தைக் குறைக்க சில வழி சொன்னார். ஆஸ்பத்திரியில் தனி அறை வேண்டாம், பொது அறை போதும் என்று எழுதிக்கொடுக்கலாம். பில்லில் முதல் பங்கை நானே கட்டிக்கொள்கிறேன், அதற்கு மேல் வருவதை நீங்கள் கட்டுங்கள் என்று ஒப்புக்கொள்ளலாம். இல்லாவிட்டால் இரண்டு வருஷத்துக்கு ஒரேயடியாகக் கட்டலாம்.

அது இருக்கட்டும். அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் யார்? நான் போன தடவை வந்தபோது அந்தக் கடை மூடித்தானே கிடந்தது? அவருக்கு என்ன வயது, ஆபீசுக்கு ஏன் உன்கூட வந்தார், கடையை யார் பார்த்துக்கொண்டார்கள்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
கொக்கி


ஏப்ரல் 2

அன்புள்ள கொக்கிக்கு,

நலம். உன் வீட்டுக்காரியை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல். கல் சும்மா கிடக்கிறது.

நீ சொன்ன வழிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். பொது அறை என்றால் கொஞ்சம் குறைகிறது. உடனே ஒப்புக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் யார் குறட்டை விட்டால் எனக்கென்ன, காதில் விழுந்தால்தானே. இந்தக் காதால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் இதுதான். முதல் பங்கை நாமே கட்டுகிற வழியில் நிறையக் குறைகிறது, ஆனால் ஆபரேஷன் என்று படுத்தால் அந்தப் பங்கு கையில் ரொக்கமாக இருக்க வேண்டும். தனியாளாக இருக்கிறவளுக்கு அது பயம். இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்ட என்னிடம் ஏது? எல்லாம் போக இன்னும் ஒன்றரை மாதச் சம்பளம் நிற்கிறது.

நீ கேட்ட கேள்விகளில் முக்கால்வாசி கண்ணாடிக்காரரைப் பற்றி. உனக்கு ஊர் வம்பு என்றால் இருமல்கூட நின்றுவிடும். போன மழைக்காலத்தில்தான் அந்தக் கடையை எடுத்தார். அறுபத்தெட்டு வயது. மனைவி தவறிப் பல வருஷம் ஆகிறது. மகன் எங்கேயோ தூரத்தில் இருக்கிறான், அவரும் பின்னறையில் தனியாகத்தான் இருக்கிறார். அவருடைய பிரீமியம் என்னுடையதைவிட மோசம், அதைக் கேட்கத்தான் ஆபீசுக்கு வந்தார். அவ்வளவுதான் விஷயம்.

கண் பரிசோதிக்கிறவர் என்பதாலோ என்னவோ, முகத்தை நேரே பார்த்துத்தான் பேசுவார். அவசரப்பட மாட்டார். என்னிடம் எல்லாரும் கத்துவார்கள், கத்தினால் உதடு கோணிப்போய் இன்னும் புரியாது. அவர் கத்துவதில்லை. ஒரு தடவை பார்த்தது போதாதென்று லென்ஸை மூன்று தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ‘என்னங்க இவ்வளவு நேரம்’ என்றேன். ‘கண்ணுல போடுறதாச்சே, தப்பா இருந்தா அவங்க படியில இல்ல விழுவாங்க’ என்றார். சாயங்காலம் வேலை விட்டு வரும்போது கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போகிறேன். பேப்பரில் உள்ள செய்தியெல்லாம் சொல்வார்.

வேறு வழி இருந்தால் கேட்டு எழுது.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் நலம். நீயும் கல்லும் நலமா?

‘அவ்வளவுதான் விஷயம்’ என்று எழுதிவிட்டு அதற்குப் பிறகு அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். சரி, அவர் எந்தக் கம்பெனியில் பாலிசி வைத்திருக்கிறார்? அறுபத்தெட்டுக்கு எவ்வளவு கேட்கிறார்கள்? எனக்கு இந்த இன்சூரன்ஸ் சமாச்சாரத்தில் இப்போது ஒரு பைத்தியமே பிடித்துவிட்டது. லிஃப்டில் ஏறுகிறவர்களை எல்லாம் ‘நீங்க எவ்வளவு கட்டுறீங்க’ என்று கேட்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு அம்மாள் இரண்டாம் மாடியிலேயே இறங்கி நடந்து போய்விட்டாள். எங்கள் கம்பெனியிலும் இன்சூரன்ஸுக்கென்று இந்த வருஷம் சம்பளத்தில் அதிகமாகப் பிடிக்கிறார்கள். ஊரில் ஒரு தலையும் தப்பவில்லை.

இன்னொரு சந்தேகம். வீட்டுக்காரி பேசினால் உனக்குக் கேட்பதில்லை, நான் பேசினால் கேட்பதில்லை, அவர் பேசுவது மட்டும் பேப்பர் செய்தி முதற்கொண்டு கேட்கிறதா? அவர் கடையில் காதுக்கும் ஏதாவது விற்கிறாரா?

ஜாக்கிரதையாக இரு.

உன் தம்பி,
கொக்கி


மே 28

அன்புள்ள கொக்கிக்கு,

சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடங்கள் திறக்கிற நேரம், சீருடைக் கடையில் மூச்சுவிட நேரமில்லை. உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

நானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். முழுதும் படித்துவிட்டுச் சிரி.

கம்பெனியில் இருவருக்கு ஒரு பாலிசி என்று ஒன்று இருக்கிறது. ஒரே தொகையில் இரண்டு பேருக்கும் காப்பு. விலைப் பட்டியல் வாங்கி வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதிப் பாதியாகப் பிரித்தால் என் பங்கு ஒரு மாதச் சம்பளத்துக்குள் அடங்கிவிடுகிறது. கணக்கைப் பட்டியலோடு சேர்த்து இதில் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்ததுதான், நீ அதை ஏஜென்டிடம் எல்லாம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை, அந்த இருவர் கணவன் மனைவியாக இருக்க வேண்டும்.

கண்ணாடிக்காரருக்கும் இதே கஷ்டம் என்று எழுதியிருந்தேன் அல்லவா? அவரிடம் கணக்கைக் காட்டினேன். லென்ஸைப் பார்க்கிற மாதிரியே மூன்று தடவை பார்த்தார். ‘கணக்கு சரியாத்தான் இருக்கு. யோசிச்சுச் சொல்றேங்க’ என்றார். மறுநாள் நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே படியேறி வந்து ‘எனக்குச் சம்மதம்’ என்றார். பிரீமியம் அவருக்கும் பாரம்தானே.

விருந்து, கூட்டம் ஒன்றும் கிடையாது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, தீர்ந்தது. காகிதத்துக்காக ஒரு கல்யாணம். அவர் கீழே கடையைப் பார்த்துக்கொள்வார், நான் என் வேலையைப் பார்த்துக்கொள்வேன். அப்பா அம்மா இல்லாத வீட்டில் எனக்குப் பெரியவன் நீதான், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவனாக இருந்தாலும். நீ ஒரு வார்த்தை சொன்னால்தான் மேற்கொண்டு நடக்கும். யோசித்து எழுது. அவசரமில்லை. ஆனால் ரொம்ப நாள் ஆக்காதே.

அன்புடன்,
அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரீமியத்துக்காகக் கல்யாணமா? இருபத்தைந்தில் வந்த வரனை ‘எனக்குப் பிடிக்கலை’ என்று ஒரே வார்த்தையில் அனுப்பியவள் நீ. மாமா மூன்று நாள் சாப்பிடாமல் உட்கார்ந்தும் அசையவில்லை. அந்த அக்கா இப்போது நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய்ப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவாளா? அவ்வளவு நெருக்கடி என்று என்னிடம் ஏன் முன்னாலேயே சொல்லவில்லை? நான் என்ன செத்தா போய்விட்டேன்?

வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். “அவங்க என்னவோ சொல்ல வர்றாங்க, நீங்க பாட்டுக்குக் குதிக்காதீங்க” என்கிறாள். அக்கா என்ன சொல்ல வருகிறாள் என்று கேட்டால், “எனக்கென்ன தெரியும், உங்க அக்காதானே” என்கிறாள்.

நான் முடிவு செய்துவிட்டேன். இந்த வருஷத்திலிருந்து உன் பிரீமியம் முழுவதும் என் பொறுப்பு. தனி அறையே வைத்துக்கொள். இன்றைக்கே பணம் அனுப்பியிருக்கிறேன். பிரச்சினை தீர்ந்தது. கண்ணாடிக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிடு, நல்ல மனிதராகத் தெரிகிறார், தப்பாக நினைக்க மாட்டார்.

இனி நிம்மதியாக இரு.

உன் தம்பி,
கொக்கி


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? ஒரு மாதத்துக்கு மேலாகப் பதில் இல்லை. பணம் வந்ததா? காய்ச்சலா? கல் தொந்தரவா? கோபமா? எதுவானாலும் இரண்டு வரி போடு. வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

கொக்கி


ஜூலை 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும்.

நீ அனுப்பிய பணம் வந்தது. ரொம்பப் பெரிய மனது உனக்கு. பத்திரமாக வைத்திருக்கிறேன், அக்டோபரில் கட்டிவிடுகிறேன். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். ஆமாம், தீர்ந்துவிட்டது.

கண்ணாடிக்காரரிடம் சொல்லிவிட்டேன். “சரிங்க” என்றார். நேரே பார்த்துத்தான் சொன்னார்.

இப்போதெல்லாம் பின்பக்கப் படி வழியாகப் போய் வருகிறேன். அது குறுக்குவழி.

கல் ஒன்றும் செய்யவில்லை. எழுத வேறு ஒன்றும் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 14

லிஃப்ட் சார் அவர்களுக்கு,

நாலாம் மாடி ஏஜென்டின் வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் பட்டியலையும் உங்கள் சகோதரி போட்ட கணக்கையும் கொடுத்து, எழுத்தில் பதில் வேண்டும் என்று கேட்டீர்கள். ‘எங்க அக்கா வீட்டுப் பின்பக்கப் படி சுற்றுவழி சார், அதைப் போய்க் குறுக்குவழின்னு எழுதியிருக்காங்க’ என்று நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. கணக்கு விளங்குகிறது, அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கூட்டல் கழித்தல் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. தப்பு ஒரே இடத்தில்தான். இருவர் பாலிசிக்கு இரண்டு பேரில் யார் மூத்தவரோ அவர் வயதைத்தான் பார்க்க வேண்டும். அதாவது அறுபத்தெட்டு. உங்கள் சகோதரி தன் வயதுக்கான வரியைப் பார்த்து எழுதியிருக்கிறார். தனியாக அவர் கட்ட வேண்டியது நூறு என்று வைத்துக்கொண்டால், அந்தப் பெரியவர் தனியாகக் கட்ட வேண்டியது நூற்று நாற்பது. சேர்ந்து போட்டால் இருநூற்று எழுபது ஆகும். பாதிப் பாதி என்றால் உங்கள் சகோதரிக்கு நூற்று முப்பத்தைந்து. மிச்சம் இல்லை சார், நஷ்டம். இது சிறிய எழுத்தில் மறைத்து வைத்த விஷயமும் இல்லை, பட்டியலின் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இவ்வளவு நறுக்கென்று கணக்குப் போடுகிறவர் அதை எப்படித் தவறவிட்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

என் யோசனை, இருவரும் பழைய பாலிசியை விட வேண்டாம். புதிதில் சேர்ந்தால் கல்லுக்கான காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்ற ஆபத்தும் இருக்கிறது. அவரவர் பாலிசியிலேயே முதல் பங்கைத் தாங்களே கட்டுவதாக எழுதிக்கொடுத்து, அந்தப் பங்குக்கு ஒரு தொகையை வங்கியில் ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. பிரீமியம் கால்வாசி குறையும். தனியாக இருப்பவர்கள் அதற்குப் பயப்படுவார்கள், ஒரு கைக்கு இன்னொரு கை துணை இருந்தால் பயமில்லை.

உங்கள் சகோதரியின் உடல்நலத்துக்கு என் வாழ்த்துகள். ஆறாம் மாடியில் கதவு மறுபடி மாட்டிக்கொள்கிறது.

இப்படிக்கு,
ஏஜென்ட்


ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ வேண்டாம் என்று சொல்லியும் உன் கணக்கை ஏஜென்டிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறார். கூட்டல் கழித்தல் எல்லாம் சுத்தம் என்று எழுதியிருக்கிறார். நானும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இருவர் பாலிசிதான் உனக்கு ஏற்றது. ஜூனில் நான் அவசரப்பட்டு எழுதியது தப்பு. அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அனுப்பிய பணத்தை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ தனியாளாகவே இருக்கப் போவதாக இருந்தால் அதை உடனே திருப்பி அனுப்பிவிடு, உனக்குப் பிரீமியம் கட்டுகிற வசதி எனக்கு இல்லை. கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தால் அது என் பரிசு. இரண்டு பேர் பெயரிலும் வங்கியில் போட்டு வை. ஆஸ்பத்திரி பில்லில் முதல் பங்கு கட்ட அது உதவும்.

பாலிசியை மட்டும் இப்போது மாற்ற வேண்டாம். நீ உன்னுடையதையும் அவர் அவருடையதையும் அப்படியே புதுப்பித்துவிடுங்கள், இருவர் பாலிசியைப் பற்றிக் கல்யாணத்துக்குப் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். ஏஜென்ட் இப்படித்தான் சொல்கிறார். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

முன்பக்கப் படி வழியாகவே போய் வா. அதுதான் உனக்குச் சௌகரியம்.

கண்ணாடிக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். வீட்டுக்காரி இப்போதுதான் என்னிடம் ஒழுங்காகப் பேசுகிறாள்.

உன் தம்பி,
கொக்கி


செப்டம்பர் 9

அன்புள்ள கொக்கிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை முதலில் நின்றுகொண்டு படித்தேன், அப்புறம் உட்கார்ந்து படித்தேன். கணக்கு சரி என்று எழுதியிருக்கிறாய். நீ சின்ன வகுப்பிலிருந்தே கணக்கில் மட்டம் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் இவ்வளவு மட்டமில்லை.

நான் துணி வெட்டுகிறவள். அளவு அட்டையில் ஒரு வரி தள்ளிப் பார்த்தால் நூறு சட்டை பாழாகிவிடும். முப்பது வருஷத்தில் எனக்கு அப்படி ஒன்று நடந்ததில்லை. மூத்தவர் வயதுதான் கணக்கு என்று பட்டியலின் தலையிலேயே போட்டிருந்தது, படித்துவிட்டுத்தான் என் வரியைப் பார்த்து எழுதினேன். வேறு எப்படி உன்னிடம் கேட்பது என்று தெரியவில்லை. இந்த வயதில் ஒருத்தரைப் பிடித்திருக்கிறது என்று தம்பிக்கு எழுத வெட்கமாக இருந்தது. காசு மிச்சம் என்று எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். நீ பணத்தை அனுப்பிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று எழுதியதும் எனக்குச் சொல்ல ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. உன்மேல் கோபமில்லை. என்மேல்தான் கோபம்.

உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் முன்பக்கமாக இறங்கிக் கடைக்குப் போனேன். அவர் ஒரு பையனுக்குக் கண்ணாடிக் காம்பை வளைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் போகும்வரை காத்திருந்தேன்.

“நான் உங்ககிட்ட காட்டினேனே, அந்தக் கணக்கு தப்புங்க,” என்றேன்.

“தெரியும்ங்க.”

“எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“நீங்க காட்டின அன்னைக்கே. என் வயசு எனக்குத் தெரியாதா?”

“அப்புறம் எதுக்குச் சரின்னு சொன்னீங்க?”

“நீங்க கணக்குல தப்பு பண்ற ஆள் இல்லையே. அதான் மூணு தடவை பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னேன்.”

எனக்கு ஒரு எழுத்துக் குறையாமல் காதில் விழுந்தது.

இந்த மாதம் இருபத்தேழாம் தேதி காலையில் பதிவு செய்கிறோம். பாலிசி இரண்டும் தனித்தனியாகவே இருக்கட்டும். முதல் பங்கு கட்டுகிற வழியை இரண்டு பேரும் எழுதிக்கொடுத்துவிட்டோம், உன் பரிசை வங்கியில் போட்டாயிற்று. பிரீமியம் என் கைக்குள் வந்துவிட்டது. அடுத்த வருஷமும் ஏற்றுவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பேச ஆரம்பித்த நாளிலிருந்து கேள்வி கேட்டே என்னைத் துளைத்தவன் நீ, கேள்விக்குறி மாதிரி என்றுதானே உனக்குக் கொக்கி என்று பெயர் வைத்தேன். போன கடிதத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு கேள்விகூட இல்லை. எல்லாம் தெரிந்தும் என்னைக் கேட்காமல் விட்டாயே என்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள். வந்து உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் கேள். ஒன்று விடாமல் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா